மூன்றாம் வரிசையிலிருந்து ஓர் ஒன்ஸ் மோர்

அவர் வாயிலிருந்து ‘போதும்’ என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எங்கள் இசைக்குழு வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் கடை ஒன்று உண்டு. அங்கே சோற்றின்மேல் நாலு வகைக் குழம்பையும் கலந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊற்றுகிற கை நிற்க வேண்டுமானால் நாம் ஏதாவது சொல்ல வேண்டும். சிலர் ‘போதும் பாய்’ என்பார்கள், சிலர் கையைக் காட்டுவார்கள். நிறைய வேண்டும் என்கிறவர்கள் முன்கூட்டியே ‘பஞ்சிர்’ என்று சொல்லிவிடுவார்கள். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். இவர் எதுவும் சொல்ல மாட்டார், தட்டை நீட்டியபடி நிற்பார். குழம்பு சோற்றை மூடி, விளிம்பைத் தாண்டி, அவருடைய கட்டைவிரல் வழியாக மேசையில் சொட்டும். அப்போதும் சிரித்த முகமாக நிற்பார். பாய் தானாகப் பார்த்து நிறுத்தினால்தான் உண்டு.

“எத்தனையோ பேருக்கு ஊத்தியிருக்கேன் தங்கச்சி. இவரு ஒருத்தருக்குத்தான் நானா கைய எடுக்கணும்” என்று பாய் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நாங்கள் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன்.

வாரத்தில் ஐந்து நாள் எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பூதக்கண்ணாடிக்குக் கீழே வருகிற மின்னணுச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்று மாறினால் எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடுவேன். ஐந்து நாள் ஒரே மாதிரியைப் பார்த்த கண்ணுக்கு மேடை ஒரு விடுதலை. ஒரு பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி பாட எவராலும் முடியாது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இவருக்கு அதுதான் பிடிக்காத விஷயம்.

நான் அவரை முதலில் பார்த்தது ஜெலுத்தோங் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில். குழுவில் சேர்ந்து எனக்கு அது மூன்றாவது நிகழ்ச்சி, தனியாகப் பாடுவது அதுவே முதல் தடவை. சரணத்தில் ஓர் இடத்தில் குரல் உடைந்துவிட்டது. கூட்டம் பெருந்தன்மையாகக் கைதட்டியது. நான் மைக்கை மாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தபோது மூன்றாம் வரிசையின் இடது ஓரத்திலிருந்து ஒரே ஒரு குரல் எழுந்தது.

“ஒன்ஸ் மோர்.”

கத்தலாக இல்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் ஏணி கேட்பது போல் தெளிவாக, பதமாக வந்தது. வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கீபோர்டு மாஸ்டரைப் பார்த்தேன், அவர் பாடு என்று கண்ணைக் காட்டினார். எங்கள் குழுவில் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். சபையில் ஒருவர் கேட்டாலும் ஒன்ஸ் மோரை மறுக்கக் கூடாது, பல்லவியிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்தால் பாதியில் விடக் கூடாது. அவருடைய குருநாதர் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்பார்.

பாடினேன். இந்த முறை உடைந்த இடத்தில் குரல் உடையவில்லை. இறங்கி வந்ததும் மேடைக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். காகிதப் பொட்டலத்திலிருந்து ஓர் ஆசாம் போயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சீனர் கடைகளில் விற்கிற, உப்பிலும் புளிப்பிலும் ஊறிக் காய்ந்த பழம் அது. தொண்டைக்கு நல்லது என்றார். பிறகு வருத்தமாகச் சொன்னார்.

“அந்த எடத்துல கொரல் ஒடையலயே தங்கச்சி. மொதல் தடவ மாதிரி இல்ல.”

“நல்லா பாடினா குத்தமாண்ணே?”

“நல்லா வேற பாட்டு பாடிட்டே” என்றார்.

அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. ஒன்ஸ் மோர் அண்ணே என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். பினாங்கில் எங்கே தமிழ்ப் பாட்டு மேடை போட்டாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். கல்யாணத்துக்கு அழைப்பு இருந்ததா என்று யாரும் விசாரித்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள்.

ஒருநாள் அதே நாசி கண்டார் கடையில் எங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிற சேகர் வாயைச் சும்மா வைத்துக்கொள்ள மாட்டான். ஒன்ஸ் மோர் என்பது இங்கிலீஷா தமிழா என்று அவரிடம் கேட்டு வம்புக்கு இழுத்தான். அவர் விரலைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொன்னார். சின்ன வயதில் கடற்கரையோரம் இருந்த ஒரு மண்டபத்தில் டிக்கெட் கிழிக்கிற வேலை பார்த்தாராம். வெளிநாட்டு வாத்தியக்காரர்கள் வந்து வாசிப்பார்கள். முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று ‘ஆங்கோர்’ என்பார்களாம். அது பிரெஞ்சுக்காரன் சொல், அதற்கும் இன்னொரு முறை என்றுதான் பொருள் என்று ஒரு துரை அவருக்குச் சொல்லியிருக்கிறார். வாசித்தவர் திரைக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் ஒளிந்துவிட்டுத் திரும்பி வருவார். வந்து வேறு ஒன்றை வாசிப்பார். அதற்கும் எல்லோரும் சந்தோஷமாகக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

“அது இன்னொண்ணு. அத ஏன் இன்னொரு மொறன்னு சொல்றாங்கன்னு எனக்கு வெளங்கவே இல்ல. நம்ம ஆளு ஒன்ஸ் மோர்னா அதே பாட்டு, அப்பவே, அங்கயே வேணும்னு அர்த்தம். நம்ம கேள்விதான் நேர்மையான கேள்வி லா.”

சேகர் விடவில்லை. அதே பாட்டை அடுத்த நிமிடமே கேட்பதில் என்ன கிடைக்கிறது, செல்போனில் பதிவு செய்து நூறு தடவை கேட்கலாமே என்றான். அவர் தட்டைப் பார்த்தபடி யோசித்தார்.

“செல்போன்ல பாட்டு மட்டுந்தான் தம்பி வரும். மேடையில திரும்பப் பாடுனா பாட்டு மட்டும் வராது. அது கூட இருந்ததெல்லாம் வந்தாகணும்.”

ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று விட்டுவிட்டோம். அவர் தத்துவம் பேசுகிற ஆள் இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணம், மத்தியான விருந்து. நான் பாடிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் ஓர் அம்மாவின் மடியிலிருந்து குழந்தையின் பால்போத்தல் உருண்டு விழுந்து மூடி தெறித்தது. பாட்டு முடிந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒன்ஸ் மோர் வந்தது. திரும்பப் பாடினேன். இரண்டாம் சரணம் தொடங்கும்போது தற்செயலாக அவரைப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வரியில் போத்தல் விழுந்தது. அதே வரி, அதே சொல். மூடி தெறித்து அதே மேசைக்கடியில் ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

குழந்தை இருக்கிற இடத்தில் போத்தல் விழுவது ஓர் அதிசயமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது தடவை ஒரு கோயில் மேடையில். பல்லவியின் கடைசிச் சொல்லில் விளக்குகள் அணைந்து, பத்து எண்ணுவதற்குள் வந்தன. அவர் ஒன்ஸ் மோர் கேட்டார். அதே சொல்லில் அணைந்தன, பத்து எண்ணுவதற்குள் வந்தன. மின்சாரக்காரர் ஒயரைத் திட்டினார். மூன்றாவது தடவை நடந்ததைப் பார்த்து மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி கால் மடங்கி அவர் தரைக்குப் போனார். வேறு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒன்ஸ் மோர் வந்தது. அதே இடத்தில் புது நாற்காலியும் மடங்கியது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நான் மட்டும் சிரிக்காமல் பாடிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் இந்த முறை அது நடப்பதற்கு முன்பே நான் அந்தப் பெரியப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் ஒன்ஸ் மோர் கேட்டபோது ஒன்றும் நடந்ததில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்பார்கள், பாடுவோம், வெறும் பாட்டுதான் வரும். இவர் கேட்டால்தான் மற்றதும் கூட வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. ஒரே குறை ஒரே இடத்தில் மூன்று முறை வந்தால் அது தற்செயல் இல்லை, லைனை நிறுத்த வேண்டும். நான் மாஸ்டரிடம் போய், இந்த அண்ணன் கேட்டால் மட்டும் பாடாமல் விடலாமா என்று கேட்டேன். படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று அவர் சத்தம் போட்டார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் திரை விலகுவதற்கு முன்னால் அவரே ஓட்டை வழியாக மூன்றாம் வரிசையைப் பார்ப்பார். சேகர் திருநீறு பூசிக்கொண்டு உட்காரத் தொடங்கினான்.

இதெல்லாம் என் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. அம்மா பள்ளிக்கூட கேண்டீனில் முப்பது வருஷம் சமைத்தவள், எதற்கும் அசர மாட்டாள். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடிப் பிளாட்டில் நானும் அவளும்தான். ஒன்ஸ் மோர் அண்ணனை அவளுக்குத் தெரியும், காலையில் பசாரில் பார்ப்பாளாம். மீன் கடையில் ஒரு மீனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பாராம், சுற்றிவிட்டு வந்து அதே மீனைத் தேடுவாராம், அது விற்றுப் போயிருந்தால் மீன் வாங்காமல் போய்விடுவாராம். பாவம்டி அந்த மனுஷன் என்பாள். எனக்கு அந்தப் பாவம் தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது.

பிறகு அந்தத் திருவிழா வந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில், அதனால் அம்மாவும் வந்திருந்தாள். இரண்டாம் வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்று உண்டு, படகுக்காரனுக்குக் காத்திருக்கிற பெண் பாடுவது. அப்பா இருக்கிற காலத்தில் வானொலியில் அது வந்தால் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்களாம். அம்மாவுக்காக அதை எடுத்தேன். இரண்டாம் சரணத்தில், கரை தெரிகிறது என்று வருகிற இடத்தில், அம்மா இடது பக்கமாகச் சாய்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் தலை விழுந்தது. கை தொங்கியது.

நான் பாடிக்கொண்டேதான் இருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. வாய் பாட்டை விடவில்லை, கண் அம்மாவை விடவில்லை. யாரோ தண்ணீர் தெளித்தார்கள், யாரோ விசிறினார்கள். பாட்டு முடிவதற்குள் அம்மா கண்ணைத் திறந்து நிமிர்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்று மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

“ஒன்ஸ் மோர்.”

அவருக்கு முன்வரிசையில்தான் அம்மா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். மாஸ்டரின் விரல்கள் பழக்கத்தில் பல்லவியைத் தொட்டன, பிறகு அவருக்கும் புரிந்து நின்றன. சேகர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டான். பாடினால் மறுபடியும் சாய்வாள். இந்த முறை எழுந்திருப்பாள் என்று யார் சொன்னது? மைக்கில் சொன்னேன்.

“பாட மாட்டேன் அண்ணே.”

கூட்டத்துக்கு எதுவும் புரியவில்லை. கர்வம் பிடித்த பெண் என்று நினைத்திருப்பார்கள். நான் இறங்கி ஓடி அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மோட்டார் சைக்கிளா, கெரெத்தாவா, அதாவது காரா என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். என் கையைப் பிரித்து ஓர் ஆசாம் போயை வைத்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“நீ பாடியிருக்கணும் தங்கச்சி. நெறைய பேரு பக்கத்துல இருந்தாங்க. மயக்கம் இன்னொரு தடவ வந்துட்டு அதோட போயிருக்கும். இப்ப அது ஒன்கிட்டயே நிக்குது.”

டாக்டர்கள், இதயம் லேசாகத் தடுமாறியிருக்கிறது என்றார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான் அந்தப் பாட்டை அதற்குப் பிறகு எங்கேயும் பாடவில்லை. மாஸ்டர் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார். சமையலறையில் வாய்தவறி அதன் மெட்டு வந்தால்கூட நாக்கைக் கடித்துக்கொள்வேன். அம்மா நன்றாகத்தான் இருந்தாள். அவள் நன்றாக இருந்த ஒவ்வொரு நாளும் நான் பாடாமல் காப்பாற்றிய நாள் என்று எனக்குள் ஒரு கணக்கு. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் பாடவில்லை.

அவரும் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஒன்ஸ் மோர் கேட்கவில்லை. வருவார், மூன்றாம் வரிசையில் உட்காருவார், முடிந்ததும் போய்விடுவார். நான் பாடும்போது அவர் உதடு சில சமயம் அசையும், சத்தம் வராது. எனக்கு அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

அம்மாதான் ஒருநாள் பசாரிலிருந்து வந்து, கீரையை ஆய்ந்துகொண்டே அவர் கதையைச் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டாளாம், என் மகள் பாடாவிட்டால் உங்களுக்கு என்ன என்று. அவர் முதலில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பிறகு தன் மனைவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வாய் திறந்து பேசாத பெண்ணாம். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மற்ற பெண்கள் வற்புறுத்தவும் எழுந்து ஒரே ஒரு பாட்டுப் பாடினாளாம். அவளுக்குப் பாட வரும் என்பதே இவருக்கு அன்றுதான் தெரியும். மண்டபமே ஒன்ஸ் மோர் கேட்டதாம். அவள் இவர் முகத்தைப் பார்த்தாளாம். நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பாடுகிறாளே என்று இவருக்குக் கூச்சம்.

“போதும், ஒக்காருன்னு சொல்லிட்டாராம்டி. ஒக்காந்துட்டாளாம். அதுக்கப்பறம் வீட்ல கூட பாடலயாம். ஒரு மாசத்துல காய்ச்சல் வந்து போயிட்டாளாம்” என்றாள் அம்மா.

எனக்கு நாசி கண்டார் கடையில் அவர் நீட்டிய தட்டு ஞாபகம் வந்தது, கட்டைவிரலில் வழிந்த குழம்பும். அத்தனை நாள் சிரித்ததற்காக அன்று அழுதேன். ஆனால் பயம் போகவில்லை. இரக்கம் வந்தால் பயம் போய்விடும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

“ஒன்ன பத்தியும் சொன்னாரு. அந்தப் பாட்டு ஒங்கிட்ட நிக்குதாமே” என்று அம்மா சாதாரணமாகக் கேட்டாள். நான் கீழே கிடந்த கீரைத் தண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். அவளும் மேலே கேட்காமல் கீரையை அள்ளிக்கொண்டு போனாள்.

அவர் இறந்த செய்தியைக் கடைக்காரப் பாய்தான் சொன்னார். மாஸ்டர், சேகர், நான் மூன்று பேரும் போனோம். சடங்கில் ஒரு பெரியவர் தேவாரம் பாடினார், நல்ல குரல். அவர் முடித்ததும் அங்கே ஓர் அமைதி வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாராவது ஒன்ஸ் மோர் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் கேட்கவில்லை. ஒன்ஸ் மோர் அண்ணனின் பெயரை அங்கே மாலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த பலகையில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் அது வேறு யாரோ.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஓடியது. அம்மா படுக்கையில் விழுந்தாள். இதயத்தில் தொடங்கியது, சிறுநீரகத்துக்குப் போனது, கடைசியில் எது வலிக்கிறது என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான் தொழிற்சாலையில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் முனகுவாள். எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை, வாரக்கணக்கில் அப்படியே இழுத்துக்கொண்டு கிடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். கீழே மோட்டார்களின் சத்தம், பக்கத்து வீட்டுச் சீன அக்கா ஏதோ வறுக்கிற வாசனை. அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“அந்தப் பாட்டப் பாடுடி.”

எந்தப் பாட்டு என்று கேட்டு ஏமாற்றப் பார்த்தேன். அவள் சிரிக்க முயன்றாள்.

“எனக்குப் போதும்மா. ஒனக்குத்தான் போதல.”

நான் மாட்டேன் என்றேன். தண்ணீர் கொடுத்தேன், போர்வையைச் சரிசெய்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். அவள் கண் என் பின்னாலேயே வந்தது. கேட்டால் மறுக்கக் கூடாது என்று மாஸ்டர் சொல்லித் தந்ததை வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மீறியிருக்கிறேன். இன்னொரு முறை மீற எனக்குத் தெம்பில்லை. அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு பல்லவியிலிருந்து எடுத்தேன்.

இத்தனை வருஷம் பாடாத பாட்டு. ஒரு சொல் மறக்கவில்லை. மூச்சு எடுக்கிற இடங்கள்கூட அன்று மேடையில் எடுத்த இடங்களிலேயே வந்து நின்றன, நானாக மாற்ற முயன்றும் மாறவில்லை. முதல் சரணத்தில் அம்மாவின் நெற்றிச் சுருக்கம் இளகியது. இரண்டாம் சரணம். கரை தெரிகிறது என்று வருகிற இடம். அம்மாவின் தலை இடது பக்கமாகச் சாய்ந்தது. கை கட்டிலிலிருந்து தொங்கியது.

எடுத்தால் பாதியில் விடக் கூடாது. விடவில்லை, முடித்தேன்.

நான் பாடியதால் போனாளா, போகிற நேரத்தில் பாடினேனா என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். பாட்டு முடிந்து அமைதியான அந்த நொடியில் என் உடம்பு முழுக்க ஒரே ஒரு சொல்தான் நிறைந்திருந்தது. இந்தத் தலை மடியில் இருக்கிற பாட்டு, இதே வெயில், இதே வறுத்த வாசனை, இதே அம்மா, எல்லாம் பல்லவியிலிருந்து வேண்டும். அன்றுதான் அந்த மனிதர் எனக்கு முழுதாகப் புரிந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன், வாயைத் திறக்கவே இல்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுச் சீன அக்கா கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, மலாயும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாள். பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்ல வந்திருக்கிறாள். அம்மாவைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நடைபாதையை எட்டிப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள், உன் சொந்தக்காரர் எங்கே என்று.

எந்தச் சொந்தக்காரர் என்றேன்.

இப்போது வெளியே நின்றாரே ஓர் அங்கிள், அவர்தான் என்றாள். அவள் பார்க்கவில்லையாம், குரலைத்தான் கேட்டாளாம். நீ பாடி முடித்ததும் அவர் ‘ஒன்ஸ் மோர்’ என்றாரே, ஏன் அவருக்குத் திரும்பப் பாடவில்லை என்று கேட்டாள்.

வெளியே வந்து பார்த்தேன். ஏழாவது மாடி நடைபாதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காலியாக இருந்தது. எங்கள் வாசலில் அம்மாவின் செருப்பும் என் செருப்பும் இருந்தன. மாடிப்படிப் பக்கம் யாரோ இறங்குகிற சத்தம் கேட்கிறதா என்று நின்றேன், கேட்கவில்லை. ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போக மனம் வரவில்லை.

“போதும் அண்ணே” என்றேன்.